முன்பக்கத்தில் எழுதாத தேங்காய்

நவம்பர் 11, திங்கள்

ரெஷ்மா இன்று ஒரு நோட்டு தந்தாள். திருவனந்தபுரத்துப் பக்கம் கழக்கூட்டம் என்ற ஊரில் அவள் நடத்தும் ஜிம்மின் அடுக்களையில் நான் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. யாருக்கு என்ன கொடுத்தேன், எத்தனை கிராம் என்று தினமும் எழுதி வைக்க வேண்டுமாம்.

"எனக்குத் தமிழ்தான் எழுத வரும். அதுவும் அஞ்சாங் கிளாசுத் தமிழ்" என்றேன்.

"எண்ணு சரியா இருந்தா மதி, அது போதும் சேச்சி. மத்ததை நான் வாயால கேட்டுக்கறேன்" என்றாள்.

முன்பக்கத்தில் அவளுக்காக எழுதினேன். கோழி 150. சோறு 100. பயறு 60. பிறகு நோட்டைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து எனக்காக எழுதுகிறேன். இங்கே யாருக்கும் இதை வாசிக்கத் தெரியாது. பெங்களூரில் இருக்கும் என் மகள் லிபிக்கும் தெரியாது. அவள் படித்தது மலையாளம். அதனால் என்ன வேண்டுமானாலும் எழுதலாம்.

லிபிக்க அப்பா, எனக்க மனுஷன், போய்ச் சேர்ந்து எட்டு மாசம் ஆகிறது.

இதை எழுதத்தான் நோட்டைத் திருப்பினேனா? தெரியவில்லை.

நவம்பர் 13

ரெஷ்மா சொல்லித் தந்ததை மறக்காமல் எழுதி வைக்கிறேன். கனம் தூக்கும்போது தசை நூல் நூலாக அறுமாம். கண்ணுக்குத் தெரியாது. தூக்கி முடித்துச் சாப்பிடும் சாப்பாட்டை வைத்துத்தான் உடம்பு அதைத் தைத்துக்கொள்ளுமாம். தைக்க நூல் வேண்டும். முட்டை, கோழி, மீன், பயறு எல்லாம் நூல். கொஞ்சம் சோறும் வேண்டும், அது தைக்கிறவனுக்குக் கூலி. கொழுப்பு குறைய வேண்டியவர்களுக்கு எண்ணெயும் தேங்காயும் அளந்துதான். ஒரு பெரிய கரண்டி எண்ணெய் என்றால் அரைமணி நேரம் வேகமாக நடந்ததெல்லாம் வீண்.

கேட்டுக்கொண்டே இருந்தேன். லிபிக்க அப்பா ஞானையன் சாலைக் கம்போளம் சந்தையில் முப்பது வருஷம் சுமடு எடுத்தவர். விடியும்போது லாரி வரும். நூறு மூட்டை இறக்கிவிட்டு, பத்து மணிக்கு ஷெட்டில் தூக்குச்சட்டியைத் திறப்பார். கஞ்சி, சிறுபயறு, தேங்காய்த் துவையல். இதற்கும் ஒரு படிப்பு இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

நவம்பர் 15

பால் இல்லாத கட்டன் சாயா, இரண்டு பிஸ்கட். மத்தியானமும் அதே. என் சாப்பாட்டை எழுத ஒரு வரி போதும்.

நவம்பர் 16

முதல் பஸ்ஸைப் பிடிக்க பழவங்காடி வழியாகத்தான் கிழக்கேகோட்டைக்கு நடக்கிறேன். பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைக்கிறார்கள். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், ஆனால் அந்தச் சத்தத்துக்கு ஒரு நிமிஷம் நிற்பேன். சத்தத்துக்கு அல்ல, வாசனைக்கு. என் வீட்டில் தேங்காய் வாங்கி எட்டு மாசம். துருவி கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. யாருக்குத் துருவ?

நவம்பர் 18, திங்கள்

சுப்ரியா என்று ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். பாறசாலைப் பக்கம், நம்ம பேச்சு. முப்பத்துமூன்று வயது. அடுத்த கட்டிடத்தில் கம்ப்யூட்டர் ஆபீஸ், மத்தியான ஷிப்டு. எட்டு வயதில் ஒரு மகள்.

அவள் பஞ்சகுஸ்தி பிடிக்கிறவள். மேசைமேல் முழங்கையை ஊன்றி மற்றவளுடைய கையைச் சாய்க்க வேண்டும். நான் சிரித்துவிட்டேன். "சிரிக்காதீங்கக்கா, எங்க ஆபீஸ்ல ஒரு ஆம்பள பாக்கி இல்ல" என்றாள்.

போட்டி பிப்ரவரி எட்டாம் தேதி. 65 கிலோவுக்கு உள்ளே இருக்க வேண்டும். போன வருஷம் எழுநூறு கிராம் கூடிப்போய், மேல் பிரிவில் தள்ளிவிட்டார்கள். அங்கே வந்தவள் இவள் மணிக்கட்டைத் திருப்பிவிட்டாள். மூன்று மாசம் கட்டு.

"இன்னொரு தடவ அப்படி ஆனா கை உருப்படாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அறுபத்தஞ்சுக்குள்ள வந்தா மேசைக்குப் போவேன். இல்லேன்னா இதோட விட்டுருவேன். எனக்க மோள் நான் ஜெயிச்சு ஒரு தடவகூட பாத்ததில்லக்கா."

இன்றைக்கு எடை 68 கிலோ 400. இரண்டு நேரச் சாப்பாடு என் பொறுப்பு. பயிற்சி முடிந்த உடனே ஒன்று, ஆபீஸுக்குக் கட்டிக்கொடுப்பது ஒன்று.

நவம்பர் 20

அவள் சாப்பிடுவதைப் பார்த்தேன். வெந்த கோழி, தயிர், உப்பு, மிளகு. கண்ணை மூடி மருந்து விழுங்குவதைப் போல விழுங்கினாள்.

"எப்படி இருக்கு மக்ளே?"

"சோப்பு திங்குத மாதிரி இருக்கு."

கை நடுங்க நடுங்கக் கனம் தூக்கிவிட்டு வந்த பிள்ளை. அவள் முன்னால் வெளுத்த கோழி. எனக்குப் பொறுக்கவில்லை.

நவம்பர் 21

உடம்பு கூட்ட வருகிறவர்களுக்கு இங்கே தேங்காய் உண்டு. ஜிபின் என்று ஒரு தடியன், அவனுக்கு மட்டும் தினம் கால் மூடி. அவனுக்கு அரைத்த தேங்காய் அம்மியில்... இல்லை, மிக்ஸியில் கொஞ்சம் மீதி இருந்தது. சுப்ரியாவின் கோழி பக்கத்து அடுப்பில்.

கை தானாகப் போனது என்று எழுதலாம். அது பொய். கை நின்றது. யோசித்தது. பிறகுதான் போனது.

சீரகம் வைத்து வெண்ணெய் மாதிரி அரைத்தால் தயிருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. இறக்கும்போது இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய், கறிவேப்பிலை.

"யக்கா! இது என்ன மாயம்?" தட்டை வழித்துத் தின்றாள்.

"தயிரு" என்றேன்.

முன்பக்கத்தில் எழுதினது: எண்ணெய் 0. தேங்காய் 0.

நவம்பர் 22

இன்றும்.

டிசம்பர் 2, திங்கள்

68.2. இரண்டு வாரத்தில் இருநூறு கிராம்தான். "பரவாயில்ல, தொடக்கத்தில உடம்பு பிடிவாதம் பிடிக்கும்" என்று ரெஷ்மா சொன்னாள். சுப்ரியா என் பக்கம் திரும்பி, "அக்காவுக்க கை இருக்கதுனால நான் எத்தன மாசம்னாலும் டயட்டு இருப்பேன்" என்றாள்.

எட்டு மாசத்துக்குப் பிறகு ஒருத்தி என் கைச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறாள். சந்தோஷமாக இருந்தது. அதை எழுதத்தான் வேண்டும், சந்தோஷமாகத்தான் இருந்தது.

டிசம்பர் 4

எழுதாமல் ஒளித்து வைத்த ஒன்றை இன்று எழுதுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டர் லிபிக்க அப்பாவின் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, தேங்காய் குறைக்க வேண்டும், எண்ணெய் குறைக்க வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். நான் தலையாட்டினேன். ஒரு வாரம் குறைத்தேன். ஒன்பதாம் நாள் அவர் தூக்குச்சட்டியில் பாதி மீதி வந்தது. மூட்டை தூக்குகிற மனுஷன் பாதி வயிற்றோடு நிற்கிறார். பத்தாம் நாள் அரைத்து ஊற்றினேன். துவையலாக வைத்தால் தெரியும், அதனால் பயறோடு சேர்த்து அரைத்தேன்.

"தேங்காயா?" என்று லிபி போனில் கேட்பாள். "இல்ல மக்ளே, நிறுத்தியாச்சு" என்பேன்.

மார்ச் மாசம் ஒரு வியாழக்கிழமை, லாரி இறக்கி, கஞ்சி குடித்து, கை கழுவப் போன இடத்தில் விழுந்தார். நெஞ்சு என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே முடிந்துவிட்டது. சட்டி ஷெட்டில் இருந்தது, ஒரு பருக்கை மீதி இல்லாமல்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. பாதிரியாரிடமும்.

டிசம்பர் 9, திங்கள்

நிறுத்திப் பார்த்தேன். தேங்காய் இல்லை, எண்ணெய் அளந்து அரைக் கரண்டி. சுப்ரியா பாதி தின்று மூடி வைத்தாள்.

"இன்னைக்கு என்னக்கா, உடம்பு சுகமில்லியா? கைமணமே இல்ல."

எடை 68.2. அசையவில்லை.

டிசம்பர் 10

போட்டுவிட்டேன். பாதி மீதி வந்த தட்டைப் பார்த்தால் எனக்கு என்னவோ ஆகிவிடுகிறது.

டிசம்பர் 14

ஜிபின் கேட்டான், "சேச்சி, எல்லாரும் வெள்ளையைத் தின்னுட்டுப் போறோம். மஞ்சக்கரு எல்லாம் எங்க போகுது? வேற எங்கேயோ ரகசியமா ஒரு ஜிம் வச்சிருக்கியளா?" எல்லோரும் சிரித்தார்கள். ரகசியமா என்ற சொல்லுக்கு எனக்கு வேர்த்துவிட்டது.

டிசம்பர் 23, திங்கள்

68.5. கூடியிருக்கிறது.

ரெஷ்மா கத்துகிறவள் இல்லை. இன்றைக்குக் கத்தினாள். "சுப்ரியா, நீ வேற எங்கேயோ தின்னுட்டு வர்ற. சத்தியம் சொல்லு. பேக்கரியா? ஆபீஸ் கேன்டீனா?"

"இல்ல ரெஷ்மா. அக்கா தர்றது மட்டும்தான்."

"சேச்சி தர்றது எல்லாம் நோட்டில இருக்கு. இந்தக் கணக்கில எடை கூடாது. நீ கள்ளம் சொல்ற."

சுப்ரியா கைக்கட்டுத் துணியை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். கண்ணீர் அந்தச் சுருளில் விழுந்தது. பிறகு, "எனக்கே எனக்க மேல சந்தேகம் வருது. உறக்கத்தில எழும்பித் திங்குதேனோ?" என்றாள்.

நான் பக்கத்தில் நின்று முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு முட்டையை ஓடே இல்லாமல் ஆன பிறகும் உரித்துக்கொண்டிருந்தேன்.

ஏன் வாய் திறக்கவில்லை? வேலை போய்விடும் என்றா? அது இல்லை. இதைச் சொன்னால் அதையும் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

டிசம்பர் 25

சர்ச். லிபிக்கு லீவு இல்லை, போனில் பாட்டுப் பாடினாள். வீட்டில் சாயா, பிஸ்கட்.

டிசம்பர் 26, வியாழன்

சாயங்காலம் ஷைஜு வந்தான். லிபிக்க அப்பாவோடு ஒரே கூட்டத்தில் சுமடு எடுத்தவன், இருபது வருஷம் பக்கத்தில் நின்றவன். ஷெட்டை இடித்துக் கட்டுகிறார்களாம். அவருடைய பெட்டியில் இருந்ததை ஒரு பையில் கொண்டு வந்திருந்தான். நீலச் சட்டை ஒன்று, தோர்த்துத் துண்டு ஒன்று, தூக்குச்சட்டி.

"மைனி, இது இவ்வளவு நாளும் நான்தான் கழுவி வச்சிருந்தேன். கொண்டுவர மனசு வரல்ல."

சட்டியைக் கையில் வாங்கினேன். என்னை அறியாமல் கேட்டுவிட்டேன். "அவருக்க சாப்பாட்டில தேங்கா இருந்தது உனக்குத் தெரியுமா ஷைஜு?"

அவன் சிரித்தான். சிரித்தான்! "எனக்கு என்ன மைனி, ஷெட்டுக்கே தெரியும். மூடியத் திறந்தா வாசனை அந்தக் கடைசி வரைக்கும் வரும். அண்ணன் சொல்லுவாரு, 'டாக்டர் வேண்டாம்னு சொன்னதுக்கு அப்புறம்தான் இவ நல்லா அரைக்கா. கேட்டா இல்லன்னு சொல்லுவா. நானும் கேக்கமாட்டேன்'னு."

"தெரியுமா அவருக்கு?"

"பின்ன? முப்பது வருஷம் தின்ன நாக்கு."

ஷைஜு போன பிறகு சட்டையை மடிக்க எடுத்தேன். அதன் பையில் ஏதோ கரகரத்தது. அந்த டாக்டர் எழுதித் தந்த மாத்திரை அட்டை. ஒன்று இல்லை, மூன்று அட்டை. ஒரு மாத்திரைகூடப் பிரிக்கவில்லை. வீட்டில் நான் தினம் எடுத்துக் கொடுத்ததை, "வேலைக்குப் போய் வெள்ளம் குடிக்கும்போது போட்டுக்கிடுதேன்" என்று பையில் போட்டுக்கொண்டு போவாரே. அந்த மாத்திரை போட்டால் தலை கிறங்குது, மூட்டை எடுக்க முடியல்ல என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறார். நான் திட்டினேன். அப்புறம் சொல்லவில்லை.

மனுஷா. நீங்க இத ஒளிச்சீங்க, நான் அத ஒளிச்சேன். ஒரே பாயில படுத்துக்கிட்டு. நான் திட்டாம இருந்திருந்தா நீங்க சொல்லியிருப்பீங்க. நீங்க ஒரு தடவ, ஏட்டி தேங்கா எதுக்குப் போட்டேன்னு கேட்டிருந்தா நான் அழுதிருப்பேன், நிறுத்தியிருப்பேன். கேக்கல்லியே. சொல்லல்லியே. வாய் இருந்து என்னத்துக்கு?

டிசம்பர் 27, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

சுப்ரியா பயிற்சி முடித்து வந்து உட்கார்ந்தாள். ரெஷ்மாவையும் கூப்பிட்டேன். தட்டை வைக்கவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். "இந்தப் பிள்ள கள்ளம் சொல்லல்ல. நான்தான் சொன்னேன். தயிருன்னு சொன்னது தேங்கா. எண்ணெயும் உண்டு. முதல் வாரத்தில இருந்து."

டிரெட்மில்லில் யாரோ ஓடுகிற சத்தம் மட்டும்.

ரெஷ்மா கேட்டது ஒன்றே ஒன்று. "எத்தனை கரண்டி?"

"ரெண்டு. தேங்கா ஒரு பிடி. காலையிலயும் கெட்டிக் குடுக்கதிலயும்."

கண்ணாடிப் பலகையில் பேனாவால் எழுதிக் கூட்டினாள். கூட்டி முடித்து, பேனாவை மூடி, தரையைப் பார்த்தாள். "நான் இவளைக் கள்ளின்னு சொன்னேன் சேச்சி. நாலு நாளா இவ என் முகத்தைப் பாக்கல."

சுப்ரியா என்னையே பார்த்தாள். "ஏன்க்கா?"

"நீ பாதி மீதி வச்சுட்டுப் போனா…" என்றேன்.

"எனக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கு" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டிசம்பர் 28

வேலை போகவில்லை. ஆனால் அடுப்பு போய்விட்டது. முட்டை உரிக்கவும் பாத்திரம் கழுவவும் மட்டும். சுப்ரியாவுக்கு வெளியே ஒரு கடையிலிருந்து டப்பா வருகிறது.

டிசம்பர் 30

நூற்றுப்பத்து முட்டை.

ஜனவரி 1

லிபியிடமும் சொன்னேன், போனில். அப்பாவின் தேங்காயை, மாத்திரையை, எல்லாவற்றையும். கேட்டுவிட்டு, "அம்மா, நீ சாப்பிட்டாயா?" என்று கேட்டாள். சாயா குடித்தேன் என்றேன். "அது சாப்பாடா?" என்று அழுதாள்.

ஜனவரி 4, சனி

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் டப்பா வந்து விழுந்தது, பாதி மீதியோடு.

"இத திங்கதுக்கு நான் மேல் பிரிவிலேயே போய்க் கைய ஒடிச்சுக்கிடுவேன்" என்றாள் சுப்ரியா.

திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

"திங்கள்கிழமைல இருந்து நீங்க வைங்க. நான் பக்கத்தில நிப்பேன். தராசு எனக்க கையில. ரெஷ்மாகிட்ட பேசியாச்சு."

"எனக்க மேல கோவம் இல்லியா மக்ளே?"

"உண்டு. நல்லா உண்டு. என்னயக் கொல்லப் பாத்தீங்கன்னு வீட்டில போய் அம்மைகிட்டச் சொன்னேன்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அங்கேயே சாக்கின் மேல் உட்கார்ந்தேன். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஞானையனை, தூக்குச்சட்டியை, சட்டைப் பையை. குழாய் திறந்தே கிடந்தது. அவள் போய் மூடிவிட்டு வந்து, என் பக்கத்தில் சாக்கில் உட்கார்ந்தாள்.

"நான் வெறும் வெளையாட்டுக்குச் சொன்னேன்க்கா" என்றாள். அது போதும்.

ஜனவரி 6, திங்கள்

67.9. கடை டப்பாவால் குறைந்தது, அவள் தின்னாததால் குறைந்தது. "இப்படிக் குறையக் கூடாது, தசை போகும்" என்று ரெஷ்மா பயப்படுகிறாள். வயிறு நிறையத் தின்று குறைய வேண்டும்.

எப்படி? தேங்காய் இல்லாமல் எனக்குச் சமைக்கத் தெரியாது. ஐம்பது வயதில் அதுதான் உண்மை. மணம் என்றாலே எனக்குத் தேங்காய்தான்.

ஜனவரி 9

மூன்று நாளாகத் தோற்று, இன்று ஒன்று வந்தது. சின்ன உள்ளியைத் தோலோடு சுட்டு, காந்தாரி மிளகாயும் இஞ்சியும் உப்பும் வைத்து இடித்தேன், கொஞ்சம் குடம்புளி. அதில் கோழியைப் பிரட்டி, வாழையிலையில் பொதிந்து கல்லில் போட்டேன். எண்ணெய் ஒரு தேக்கரண்டி, சுப்ரியா அளந்து ஊற்றினாள். ஊற்றிவிட்டு, "இன்னும் ரெண்டு சொட்டு கேப்பியளே?" என்று என்னைச் சீண்டினாள்.

இலையைப் பிரித்ததும் அவள் மூக்கு முதலில் போனது. பிறகு கை. இலையை நக்கவில்லை, அவ்வளவுதான்.

முன்பக்கத்தில் எழுதினது: எண்ணெய் 5. தேங்காய் 0. முதல் தடவை அந்தப் பூஜ்யம் நிஜம்.

ஜனவரி 13

67.1.

ஜனவரி 17

பயறு வேகவைத்து, கடுகு, வற்றல் மிளகாய் தாளித்து, பச்சை மாங்காய் கொத்திப் போட்டேன். ஜிபின் வந்து எட்டிப் பார்த்தான். "எனக்குத் தேங்கா வேண்டாம் சேச்சி, இவளுக்கு வைக்கது தாங்க." "உனக்கு உடம்பு வைக்கணுமேடே" என்றேன். "உடம்பு கிடக்கட்டும், நாக்கு மெலிஞ்சு போச்சு" என்றான்.

ஜனவரி 20, திங்கள்

66.4. ரெஷ்மா சுப்ரியாவைக் கட்டிப்பிடித்தாள். அந்தக் கள்ளி என்ற சொல்லுக்கு இதுதான் மன்னிப்பு என்று நினைக்கிறேன். அவர்களுக்குள்.

ரெஷ்மா நோட்டை வாங்கி முன்பக்கத்தில் தன் கையால் மலையாளத்தில் ஒரு பேர் எழுதினாள். சுசீலாபாய், என் பேர். நேராக எண்கள்: முட்டை 2, பயறு 100, சோறு 100. "இருபது லிட்டர் சருவப்பானையைத் தூக்கறதும் கனம்தான். இனி இங்கேயே சாப்பிட்டுட்டுத்தான் பஸ் ஏறணும்."

தட்டை வைத்தாள். உட்கார்ந்தேன். ஒரு வாய் எடுத்தேன். தட்டிலேயே திரும்ப வைத்தேன். அவள் அந்தப் பக்கம் போனதும் ஜிபினுக்குத் தள்ளிவிட்டேன். முன்பக்கத்தில் டிக் போட்டேன்.

மறுபடியும் ஒரு பொய். எழுதிவிட்டேன், பின்பக்கத்திலாவது.

ஜனவரி 27

65.7.

பிப்ரவரி 3, திங்கள்

65.2. இன்னும் ஐந்து நாள். ரெஷ்மா, "பயப்படாதே, பட்டினி கிடக்காதே, உப்பை மட்டும் குறைப்போம்" என்கிறாள். சுப்ரியா காலையும் மாலையும் எடை பார்க்கிறாள், தலைமுடியை அவிழ்த்துவிட்டுப் பார்க்கிறாள், காதுக்கம்மலைக் கழற்றிவிட்டுப் பார்க்கிறாள்.

"எடை பாத்து முடிஞ்சதும் உனக்கு என்ன வேணும் மக்ளே? எட்டு மணிக்கு எடை, ரெண்டு மணிக்குத்தானே மேசை. நடுவில திங்கலாம்னு ரெஷ்மா சொல்லுதா."

யோசிக்கவே இல்லை. "அண்ணனுக்குக் கெட்டிக் குடுத்தத."

பிப்ரவரி 7, வெள்ளி

பழவங்காடியில் இறங்கி ஒரு தேங்காய் வாங்கினேன். கடைக்காரர் தட்டிக் காட்டினார். நானும் தட்டிப் பார்த்தேன். பத்து மாசத்துக்கு மேல் ஆகிறது, விரலுக்கு மறக்கவில்லை.

கட்டிலுக்கு அடியிலிருந்து துருவியை எடுத்தேன். பல்லில் துரு. புளி போட்டுத் தேய்த்து வெயிலில் வைத்தேன்.

பிப்ரவரி 8, சனி

64 கிலோ 800.

சுப்ரியா தராசிலிருந்து இறங்கவே மாட்டேன் என்கிறாள். அங்கேயே நின்றுகொண்டு அழுகிறாள், சிரிக்கிறாள். பின்னால் நிற்கிற பெண், "எறங்கு சேச்சி, நாங்களும் பாக்கணும்" என்கிறாள். சுப்ரியாவின் மகள் கைதட்டுகிறாள்.

ஸ்டேடியத்துக்கு வெளியே ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். லிபிக்க அப்பாவின் தூக்குச்சட்டியைத் திறந்தேன். கஞ்சி, சிறுபயறு, தேங்காய்த் துவையல். துவையலாகவே வைத்தேன், பயறோடு சேர்த்து அரைக்கவில்லை. தெரியட்டும்.

ரெஷ்மா கரண்டியைப் பிடித்துக்கொண்டு, "துவையல் கொஞ்சம் மதி, வயிறு கனத்தா கை வராது" என்றாள். தன் பங்குக்கு மட்டும் இரண்டு கரண்டி எடுத்துக்கொண்டாள். "உனக்கு மேசை இல்லியே, தின்னு" என்று சுப்ரியா அவளைக் குத்திக் காட்டினாள்.

சட்டியில் மீதி இருந்தது. சுப்ரியா என் கையில் கிண்ணத்தைத் தந்தாள். மகளுக்குச் சடை பின்னத் திரும்பிவிட்டாள்.

இரண்டு மணிக்கு மேசை. முதல் இரண்டு பேரைச் சாய்த்தாள். மூன்றாவதாக வந்தவள் இவளைச் சாய்த்தாள். அது நல்ல தோல்வி, மணிக்கட்டு நேராக இருந்தது. மூன்றாம் இடம். பதக்கம் மகளுடைய கழுத்தில். பஸ்ஸில் வரும்போது அந்தப் பிள்ளை என் மடியில் உறங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து சட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன். நோட்டை முன்பக்கம் திருப்பி, இன்றைய கணக்கை எழுதினேன். அதையே இங்கேயும் எழுதுகிறேன்:

அரிசி 250. சிறுபயறு 150. தேங்காய் அரை மூடி.
சாப்பிட்டவர்கள்: சுப்ரியா, ரெஷ்மா, சுசீலாபாய்.
மீதி இல்லை.